டீக்கடையில் பேசி முடித்த குறைகள்

எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய வேலையில் குறை கண்டால் முதலில் லேப்டாப்பை மூடுவோம். பிறகு செருப்பை மாட்டுவோம். மாடிப்படி இறங்கி டீக்கடைக்குப் போவோம். குறையைச் சொல்வது அதற்கப்புறம்தான். அதுவும் முதல் டீ பாதி குடித்து முடியாமல் வாயிலிருந்து வராது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மோட்டார் பம்பு விற்கும் கடை ஒன்றுக்கு மேல், இரண்டாவது மாடியில் இருக்கிறது அலுவலகம். பெங்களூரில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் கொரோனாவுக்குப் பிறகு சிறு நகரங்களின் மீது திடீர் அன்பு கொண்டது. அந்த அன்பின் விளைவு நாங்கள். மருந்து மொத்த வியாபாரிகளுக்கான சரக்குக் கணக்கு மென்பொருளில் ஒரு பகுதி எங்கள் பொறுப்பு. கிளைத் தலைவன் நான். சென்னையில் பல வருடம் இதே வேலை பார்த்து, தலைமுடியையும் லட்சியத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்பியவன். கொஞ்சம் புத்தகம் வாசிக்கிற ஆள் என்று பெயர். அந்தப் பெயரால் இதுவரை யாருக்கும் ஒரு நன்மையும் நடந்ததில்லை. இந்தக் கதையிலும் நடக்கவில்லை.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது மென்பொருளில் சேரும். கோட் ரிவ்யூ என்பார்கள். இதற்கென்றே ஒரு இணையப் பக்கம் உண்டு. எந்த வரியில் கோளாறோ அந்த வரிக்குக் கீழே அதை எழுத வேண்டும். அது கமெண்ட். எழுதியவர் திருத்துவார். எல்லாம் ஒழுங்கானதும் வாசித்தவர் ஒரு பச்சை டிக் போடுவார். கமெண்ட்கள் அந்தப் பக்கத்தில் காலத்துக்கும் கிடக்கும். கல்வெட்டு மாதிரி. கல்வெட்டிலாவது எழுத்து தேயும்.

எங்கள் பக்கங்களில் டிக் மட்டும்தான் இருக்கும். ஒரு கமெண்ட் இருக்காது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒருவர் வேலையைக் குறை சொல்லி எழுதிவைப்பது, எங்கள் ஊர்க் கணக்கில், கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சாம்பாரில் உப்பில்லை என்று மைக்கில் அறிவிப்பது மாதிரி. உப்பில்லாதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சமையல்காரரைத் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய்த்தான் அதைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவரும் சிரித்துக்கொண்டே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிடுவார். பந்தியில் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் மென்பொருளும் அப்படித்தான் உப்புச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கலையில் தேர்ந்த இருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள்.

ஒருவர் களக்காட்டுக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள். நான் தம்பி என்று கூப்பிடுவேன். வாழை போடுகிற குடும்பம். பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி, வார முடிவில் ஊருக்குப் போய், திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு ஏத்தன் வாழைத்தாரோடு வருவார். தார் யூபிஎஸ்ஸுக்கு மேல் ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமைக்குள் காம்பு மட்டும் மிஞ்சும். அவரைப் போல் நிரல் வாசிக்கிற ஆளை நான் சென்னையிலும் பார்த்ததில்லை. ஆங்கிலம்தான் வராது. கையேடுகளிலிருந்து கற்றுக்கொண்ட ஆங்கிலம். மூன்று சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் போகாது.

இன்னொருவர் மேலப்பாளையத்து அம்மா. தம்பி அக்கா என்று கூப்பிட்டதில் எனக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது. எம்.சி.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி, கணவரோடு சவூதிக்குப் போய்ப் பல வருடம் வீட்டையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர். கணவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஊருக்குத் திரும்பி, இனி கடல் தாண்டி வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இவர் வேலை தேடினார். எங்களிடம் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தார். வருட முடிவில் நிரந்தரமாக்குவார்கள், அல்லது மாட்டார்கள். நிரந்தரமானால் குடும்பம் மொத்தத்துக்கும் மருத்துவக் காப்பீடு வரும். சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னார்:

"சம்பளம் கூடக் குறைய இருக்கட்டும் அண்ணாச்சி. அந்தக் கார்டுல அவிய பேரும் இருக்கணும். அது போதும் எனக்கு."

அவர் நிரலை வாசிக்கிற பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். நான் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, டீ குடிக்கப் போவமா?" என்பார் தம்பி. அக்காவுக்குப் புரிந்துவிடும்.

"எத்தன தம்பி?"

"ரெண்டு டீ குடிக்கிற அளவுக்கு இருக்குக்கா."

"அல்லாவே! அப்ப வடையும் நீங்கதான் வாங்கித் தரணும்."

இறங்கிப் போவார்கள். நானும் ஒட்டிக்கொள்வேன். ஒரு நாள் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. காலாவதியான மருந்துகளைக் கடைக்காரர்கள் மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்புவதைப் பதிகிற பகுதியை அக்கா எழுதியிருந்தார். அதில் ஒரே சரிபார்ப்பு மூன்று இடத்தில் இருந்தது.

"யக்கா, ஒரு மருந்து திரும்பி வருதுன்னு வைங்க. அத உள்ள விடதுக்கு நீங்க மூணு எடத்துல காவல் போட்டிருக்கிய. மூணு காவக்காரனும் ஒரே கேள்வியக் கேக்கான். அந்த மருந்து கோவத்துல வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிராதா?"

"ஒருத்தன் தூங்கிட்டான்னா என்ன செய்ய?"

"தூங்குதவன எதுக்குக்கா வேலைக்கு வச்சிய?"

"எங்க வீட்லயும் ஒருத்தரு தூங்குதாரு தம்பி. அவர நானா வச்சேன்? வாப்பால்லா வச்சிட்டுப் போனாவ."

தம்பி சிரித்ததில் டீ சட்டையில் கொட்டியது. டீக்கடைக்காரர் வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்து என்னைக் கேட்டார்: "என்ன வே, மேல ஆஸ்பத்திரி நடத்துதியளா, செயிலு நடத்துதியளா? ஒரே மருந்தும் காவலுமால்லா இருக்கு?"

மேலே வந்ததும் அக்கா இரண்டு காவல்காரர்களை வேலையை விட்டு நீக்கினார். தம்பி டிக் போட்டார். பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை.

பெங்களூரில் எங்கள் மேலாளர் ஒரு நல்ல மனிதர். இதை எழுதுவதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் ஒரு பக்கத்தில் முடித்திருக்கலாம். குரலை உயர்த்த மாட்டார். எல்லார் பிறந்தநாளுக்கும் செய்தி அனுப்புவார். ஒரு நாள் வீடியோ காலில் எனக்குக் கமெண்ட் எண்ணிக்கை வரைபடம் ஒன்று காட்டினார். எல்லாக் கிளைகளுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கோடு. மற்ற கோடுகள் மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எங்களுடையது தரையோடு படுத்திருந்தது.

"திருநெல்வேலியில் ரிவ்யூவே நடப்பதில்லையா?" என்று மிருதுவான ஆங்கிலத்தில் கேட்டார்.

"நடக்கிறது. டீக்கடையில் நடக்கிறது."

"கேட்க அழகாக இருக்கிறது," என்றார். உண்மையாகவே அழகு என்று நினைத்துத்தான் சொன்னார். "ஆனால் டீக்கடை நம் சிஸ்டத்தோடு இணைக்கப்படவில்லையே. எழுதாதது நடந்ததாகக் கணக்கில் வராது. நீங்களோ ஒப்பந்தத்தில் இருப்பவரை நிரந்தரமாக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் பக்கத்தில் எதுவுமே இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், இன்று வரை ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

கீழே போய் இருவரிடமும் சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பேசி முடிச்சதத்தான அண்ணாச்சி எழுதச் சொல்லுதாவ? எழுதிருவோம். நாம பாட்டுக்கு இங்கன பேசுவோம், சரி பண்ணுவோம். அப்புறமா மேல போயி, பேசினத பூரா பைய எழுதிப் போட்டுருதேன். ஒண்ணு விடாம. அக்காவ நிரந்தரமாக்குத கேசு வருதுல்லா? பக்கம் காலியாக் கெடந்தா, இந்தப் பொம்பள எழுதினத ஒரு நாதி படிக்கல போலருக்குன்னு நெனச்சிரக் கூடாதுல்லா?"

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இந்த யோசனை விபரீதமாகத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. இங்கே ஒருவரை ஏசுகிறோம் என்றால் அவரை நம் ஆளாக எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். வேண்டாதவனிடம்தான் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அக்காவின் பக்கத்தில் எவ்வளவு குறை எழுதியிருக்கிறதோ, அவ்வளவு மதிப்பு அவருக்கு என்று மூன்று பேரும் நம்பினோம். கிளைத் தலைவன், புத்தகம் வாசிக்கிறவன், நான் இரண்டாவது டீ சொன்னேன்.

தம்பி எழுத ஆரம்பித்தார். டீக்கடையில் அரைமணி நேரம் ஓடிய காவல்காரர் கதை, பக்கத்தில் 'ராங். ரிமூவ்.' என்று ஆனது. 'யக்கா, இத எதுக்கு இங்கன வச்சிய, பக்கத்து ரூம்லல்லா வைக்கணும்' என்பது 'ஒய் ஹியர்?' என்று ஆனது. ஒரே விஷயம் நான்கு இடத்தில் வந்திருந்தால் நான்கு இடத்திலும் எழுதினார். 'சேம் மிஸ்டேக்.' 'அகெய்ன் சேம்.' வாசித்தால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது போல் இருக்கும். எழுதும்போது அவர் ஏத்தம்பழம் தின்றுகொண்டிருந்தார் என்பது பக்கத்தில் தெரியாது.

"கொஞ்சம் மரியாதையா எழுதலாமே தம்பி," என்றேன்.

"அக்காட்டயா? அக்காட்ட என்ன அண்ணாச்சி மரியாத?" என்று புரியாமல் பார்த்தார். இருந்தாலும் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, அன்று முதல் 'ப்ளீஸ்' சேர்த்தார். 'ப்ளீஸ். ராங். ரிமூவ்.' ஜெயில் வார்டன் கையில் பூச்செண்டு கொடுத்த மாதிரி இருந்தது.

அக்கா இதில் முழு மனதோடு ஒத்துழைத்தார். 

"தம்பி, அந்தத் தேதி விசயத்த எழுதினியளா?"

"அத நீங்க அப்பமே சரி பண்ணிட்டியளே."

"இருந்தாலும் எழுதுங்க. நீங்க கண்டுபிடிச்சதுல்லா? உங்க கணக்குல வரட்டும்."

"நீங்களாக் கண்டுபிடிச்சிச் சரி பண்ணின அந்த ஜி.எஸ்.டி. விசயம்?"

"அதையும் எழுதிருங்க. நாந்தானன்னு விட்டுராதிய."

இப்படி, தன் மேல் வைக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, எழுத்துப்பிழை இருந்தால் திருத்தியும் கொடுத்தார். ஒவ்வொரு கமெண்ட்டுக்குக் கீழேயும் 'டன். தேங்க்ஸ்.' என்று பதில் போட்டார். போடும்போது இரண்டு பேரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூட நாடகத்தில் மாமியார் மருமகள் வேஷம் போட்ட பிள்ளைகள் மாதிரி.

கோடு எழுந்தது. தரையோடு கிடந்தது நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்து, மற்ற எல்லாக் கோடுகளையும் தாண்டி மேலே போனது. பெங்களூரிலிருந்து கை தட்டும் படங்கள் வந்தன. மேலாளர் எல்லாக் கிளைகளுக்கும் எழுதிய மின்னஞ்சலில் திருநெல்வேலியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். நாங்கள் மிக்சர் வாங்கிக் கொண்டாடினோம். அக்கா அன்றைக்கு வீட்டிலிருந்து கடற்பாசி இனிப்பு கொண்டுவந்தார். அவர் கணவர் கொடுத்தனுப்பினாராம். "கார்டு வந்துரும்லான்னு கேக்காவ," என்று என்னைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். வந்துரும் என்றேன்.

வருடம் முடியும் தறுவாய். ஒரு வெயில் மத்தியானம் மேலாளர் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை. அதைவிட மோசம், அனுதாபம் இருந்தது.

"அவரை நிரந்தரமாக்க முடியாது என்று முடிவாகியிருக்கிறது. நானே அவர் பக்கங்களைப் படித்தேன். நிறுவனத்திலேயே அதிகக் குறைகள் அவர் நிரலில்தான். ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. வாசிக்கிறவரின் தொனியைப் பாருங்கள், பாவம், பொறுமை இழந்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் 'ப்ளீஸ்' என்று கெஞ்சுகிறார். அவரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?"

நான் விளக்கினேன். டீக்கடை, காவல்காரர்கள், ஏத்தம்பழம், ஏசுவது என்றால் என்ன, 'நல்லாருக்கு' என்றால் என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் ஒன்றையுமே விளங்கவைக்காத ஆங்கிலம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் இவை உண்மையான கமெண்ட்கள் இல்லையா?"

"உண்மைதான். எழுதுவதற்கு முன்பே பேசித் தீர்ந்துபோனவை."

"தீர்ந்தவற்றை ஏன் எழுதினார்கள்?"

"எழுதச் சொன்னீர்கள்."

அவர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு மிகவும் கவனமாகக் கேட்டார்: "கணக்குக் காட்டுவதற்காக, நடந்து முடிந்த ரிவ்யூவை மறுபடி நடந்ததுபோல் பதிந்தார் என்கிறீர்களா? அதை எழுதிக் கொடுங்கள், மேலே கொண்டுபோகிறேன். அந்தப் பெண்ணுக்கு அது உதவலாம். ஆனால் பதிந்தவர் மேல் தனி விசாரணை வரும். அதையும் நான் தடுக்க முடியாது."

எழுதிக் கொடுத்தால் தம்பி பொய்யர். எழுதாவிட்டால் அக்கா வேலை தெரியாதவர். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை என்பது முதலிலேயே பேசி முடிந்துவிட்ட விஷயம்.

லேப்டாப்பை மூடினேன். செருப்பை மாட்டினேன். அதைப் பார்த்ததுமே இருவரும் எழுந்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது அக்கா கேட்டார்: "யாரு கொற அண்ணாச்சி? என்னுதா, தம்பியுதா?"

டீக்கடையில் சொன்னேன். எப்போதும் போல் டீ பாதி குடித்த பிறகு சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, டீ வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

தம்பி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "நான் எழுதிக் குடுக்கேன் அண்ணாச்சி. எல்லாம் நான் ஒப்புக்கு எழுதினதுன்னு எழுதிக் குடுக்கேன். இப்பமே மேல போயி…"

"எதுக்கு?" என்றார் அக்கா.

"என்னக்கா எதுக்குன்னு கேக்கிய?"

"எழுதினா நீங்க வீட்ல இருப்பிய. நான் நிலைப்பேங்கதும் நிச்சயமில்ல. ரெண்டு பேரும் வீட்ல இருந்து என்னத்தப் பேசப் போறோம்? ஒங்களுக்கு மேலப்பாளையத்துல டீ கூட ஒத்துக்காது."

"யக்கா, சத்தியமா ஒரு வார்த்த நான் மனசுல வச்சு…"

"தெரியாதா தம்பி எனக்கு? பாதிய நான் சொல்லச் சொல்லத்தான எழுதினிய." டீயை எடுத்துக் குடித்தார். "இனும எழுதவே வேண்டாம். எழுதின வரைக்கும் போதும்."



நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் அக்காவைக் காப்பாற்றும் நோக்கத்தோடு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். வட்டாரப் பண்பாட்டில் விமர்சனத்தின் இடம், பேச்சு மரபும் எழுத்து மரபும், என்றெல்லாம் தலைப்பு கொடுத்து, பத்தி பிரித்து. ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் போட்டிருப்பார்கள். மேலாளர் ஒரு வரியில் பதில் எழுதினார்: ஆழமான பார்வை, இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் விவாதிப்போம். அந்த நாள் வரவில்லை. என் கட்டுரை மட்டும் பயிற்சித் துறைக்குப் போனதாகக் கேள்வி.

அக்காவுக்கு ஒப்பந்தத்தில் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. வேலைக்கு வந்தார். தம்பியும் வந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் நான் சமாதானம் பேசியிருப்பேன். தம்பிக்கு அக்காவிடம் எதைச் சொன்னாலும் அது குறையாக வந்து விழுந்துவிடுமோ என்று பயம். பேனாவை எடுத்துத் தரச் சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். ஒரு நாள் அது எதிலும் செருகப்படாமல் ஒயர் மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். திங்கட்கிழமைத் தார் வந்தது. யாரும் பிய்க்கவில்லை. பழுத்து, கறுத்து, ஈ மொய்த்து, கடைசியில் பம்புக்கடைக் காவலாளி மாட்டுக்கு என்று எடுத்துப்போனார்.

அக்கா தன் கடைசி வேலையை முடித்து ரிவ்யூவுக்கு அனுப்பினார். தம்பி வாசித்தார். செருப்பை மாட்டவில்லை. எழுதவும் இல்லை. டிக் மட்டும் விழுந்தது.

"தம்பி, ஒண்ணுமே சொல்லலியே?" என்று அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

தம்பி ஹெட்போனைக் கழற்றினார். "நல்லாருக்குக்கா," என்றார்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு திரையைப் பார்க்கத் திரும்பினார்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் பஸ் ஏறக் கொக்கிரகுளம் வரை ஆற்றோரமாகக் கூட நடந்தேன். தம்பி மத்தியானமே தலைவலி என்று போய்விட்டார். ஆற்றில் தண்ணீர் குறைவு. ஓரமெல்லாம் மிதக்கிற அமலைச்செடி பச்சையாக மூடியிருந்தது, தரை என்று நினைத்துக் கால் வைத்துவிடலாம் போல. அந்தச் செடியைப் பற்றி ஏதோ சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு,

"அண்ணாச்சி, அந்தக் கடைசி வேலையில நான் வேணும்னே ஒரு தப்பு போட்டேன்," என்றார்.

நின்றுவிட்டேன்.

"காலாவதி தேதி பாக்குத எடம். தலகீழாத் திருப்பிப் போட்டேன். நல்ல மருந்து பூரா கெட்டது, கெட்டது பூரா நல்லதுன்னு. கண்ணில்லாதவனுக்கும் தெரியும். தம்பி பாத்ததும் 'யக்கா, ஊரையே கொல்லப் பாக்கியளா, எறங்குங்க டீக்கடைக்கு'ன்னு சத்தம் போடுவாருன்னு நெனச்சேன்."

"அவர் கவனிக்கவில்லையா?"  அது மென்பொருளில் போய்ச் சேர்ந்திருந்தால் விபரீதம்.

"கவனிக்காம விடுவாரா? அவரு கையாலயே திருத்திட்டு டிக்கு போட்டுட்டாரு. பொறவு போயிப் பாத்தேன். திருத்தினதச் சொல்லவே இல்ல." முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்தார். "ஏசினாருன்னா ஏசிட்டுப் போறாருன்னு போயிருப்பேன். நல்லாருக்குன்னுட்டாரு, அண்ணாச்சி."

மேலப்பாளையம் பஸ் வந்தது. படியில் ஏறியவர் திரும்பினார். "அவர்ட்ட சொல்லிராதிய. பொறவு அதுக்கும் வருத்தப்படுவாரு."

மறுநாளே அவர் கணக்கு மூடப்பட்டது. ரிவ்யூ பக்கத்தில் அவர் பெயர் இருந்த இடங்களில் எல்லாம் 'முன்னாள் பயனர்' என்று வந்துவிட்டது. கமெண்ட்கள் இருக்கின்றன. 'ப்ளீஸ். ராங். ரிமூவ்.' அதற்குக் கீழே, முன்னாள் பயனர்: 'டன். தேங்க்ஸ்.' புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெங்களூரில் நடக்கும் வகுப்பில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்களாம், ஒரு நிரலை எவ்வளவு ஆழமாக வாசிக்க வேண்டும் என்பதற்கு. தம்பிக்கு அந்த வருடத்தின் சிறந்த வாசிப்பாளர் என்று சான்றிதழ் வந்தது. உறையைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டார். இப்போது மற்ற கிளைகளின் நிரலையும் அவர்தான் வாசிக்கிறார். நாள் முழுக்க எழுதுகிறார். ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது. வாக்கியங்கள் நீளமாக, பணிவாக, யாரும் எதுவும் சொல்ல முடியாதபடி இருக்கின்றன. தார் கொண்டுவருவதில்லை.

அக்காவின் கணவர் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்பதை ஒரு முறை பார்த்தேன். கையில் பழைய மஞ்சள் பை, மருந்துச் சீட்டு. என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, இன்னார் என்று சொல்லிக்கொண்டு, கடற்பாசி பிடித்திருந்ததா என்று கேட்டார். அதற்கு முன் ஒரு முறைகூட நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. என்னை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்கவில்லை. "நல்லா இருந்துச்சு," என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது.

டீக்கு நான் தனியாகத்தான் இறங்குகிறேன். "எங்க வே அந்தக் காவக்காரங்க?" என்று டீக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டார். வேலையை விட்டு நீக்கியாச்சு என்றேன். அவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா வேண்டுமென்று போட்ட தப்பைப் பற்றித் தம்பியிடம் நான் சொல்லவில்லை. அவர் தன் மேஜையில் இருக்கிறார், நான் என்னுடையதில். இடையில் அக்காவின் நாற்காலி. பல தடவை லேப்டாப்பை மூடிச் செருப்பை மாட்டியிருக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். ஒன்றுமில்லை, சும்மா டீ குடிக்கத்தான் என்பேன். சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதப்போய்விடுவார்.